எல்கேஜி, யுகேஜி வகுப்பில் கல்வி விளையாட்டுகள்: திரையைப் போடுவதற்கு முன்னும் அணைத்த பின்னும்

நர்சரி வகுப்புகளுக்குக் கருவி வந்த வேகத்தில் பயிற்சி வரவில்லை. தனியார் பள்ளியாகட்டும், 2019-இல் தமிழ்நாடு அரசு அங்கன்வாடி மையங்களில் தொடங்கிய எல்கேஜி, யுகேஜி வகுப்பாகட்டும், ஒரு ஸ்மார்ட் போர்டோ டிவியோ டேப்லெட்டோ, எதுவும் இல்லையென்றால் டீச்சரின் சொந்தப் போனோ கையில் இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு அதில் என்ன செய்வது என்றுதான் யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித்தருவதில்லை. அதனால் வழக்கமாக நடப்பது இதுதான்: ஒரு ஏபிசி கேமைப் போடுகிறோம், முன்வரிசையில் இருக்கும் சுறுசுறுப்பான பிள்ளை தட்டுகிறது, மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்கின்றன, மணி அடித்துவிடுகிறது.

இதை மாற்ற விலை உயர்ந்த செயலி எதுவும் தேவையில்லை. விளையாட்டைத் தொடங்கும் முன் குழந்தை கையால் என்ன செய்தது, முடித்த பிறகு வாயால் என்ன சொன்னது, இந்த இரண்டையும் டீச்சர் திட்டமிட்டுவிட்டால் நடுவில் வரும் எட்டு நிமிடத் திரைக்கு ஒரு அர்த்தம் வரும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது, ஒன்றாம் வகுப்பு டீச்சர்களும் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நேரக் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்த இடத்தில் திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைய குறைய நல்லது என்று சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2021-இல் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம். கவனிக்க வேண்டியது என்னவென்றால் இது முழு நாளுக்கான கணக்கு. காலையில் போனைப் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிட்ட பிள்ளை, சாயங்காலம் பாட்டியோடு சீரியல் பார்க்கப்போகிற பிள்ளை, அதுதான் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் பள்ளிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

என் கணக்கு இப்படி: ப்ரீகேஜிக்குத் திரை வேண்டாம். எல்கேஜிக்கு ஒரு தடவைக்கு எட்டு நிமிடம், யுகேஜிக்குப் பத்து, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு, அதுவும் வாரத்தில் மூன்று நாள். மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளை அடக்கி வைக்கத் திரையைப் போடும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் அவர்கள் மந்தமாக இருப்பார்கள், எதுவும் ஏறாது. இன்னொன்றும் உண்டு. "சீக்கிரம் எழுதி முடிச்சா கேம்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். வேகமாக எழுதும் பிள்ளைக்குத் தினமும் வாய்ப்புக் கிடைக்கும், எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு ஒருநாளும் கிடைக்காது, உண்மையில் அந்த விளையாட்டு யாருக்கு அதிகம் உதவுமோ அவர்தான் வெளியே நிற்பார்.

கேமைத் தேர்ந்தெடுப்பது: நீங்களே தப்புத்தப்பாக விளையாடிப் பாருங்கள்

விளம்பரத்தில் என்ன போட்டிருக்கிறது, எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டுப் பத்து நிமிடம் நீங்களே விளையாடுங்கள். சரியாக விளையாட வேண்டாம். யோசிக்காமல் கண்ட இடத்தில் தட்டிக்கொண்டே போங்கள், அப்படித் தட்டியும் அடுத்த லெவலுக்குப் போக முடிகிறதா? முடிகிறது என்றால் அந்த கேமை அங்கேயே விட்டுவிடலாம், ஏனென்றால் எல்கேஜி பிள்ளை இரண்டே நாளில் அதைக் கண்டுபிடித்துவிடும், எழுத்தைப் பார்க்காமலேயே தட்டித் தட்டி ஜெயிக்கும், நமக்கோ பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று தோன்றும்.

அடுத்து, தப்பான விடையைத் தொட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பல கேம்களில் சரியான விடைக்கு ஒரு சின்ன மணியோசைதான் வரும், தப்பான விடைக்குக் குரங்கு குட்டிக்கரணம் அடித்து விழும். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும்? வேண்டுமென்றே தப்பாகத் தொட்டு வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். தப்புக்கு அமைதியாக "இன்னொரு முறை பார்" என்று மட்டும் சொல்லி அந்த எழுத்தையே மறுபடி காட்டும் விளையாட்டுதான் வேண்டும். அப்புறம் பரிசுப்பெட்டி. சில செயலிகளில் நாலு கேள்விக்கு ஒரு முறை பெட்டி திறக்கும், அதில் தொப்பி வரும், அந்தத் தொப்பியைப் பூனைக்கு மாட்டிப் பார்க்கவே ஒரு நிமிடம் போய்விடும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் எழுத்துக்கோ எண்ணுக்கோ கிடைத்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். பாதிக்கும் குறைவு என்றால் அது தொப்பி விளையாட்டு.

கேத்தி ஹர்ஷ்-பாசெக் உள்ளிட்ட அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு கட்டுரையில், செயலி நிஜமாகவே கற்பிக்கிறதா என்று பார்க்க நாலு அம்சங்களைச் சொன்னார்கள்: குழந்தையின் மூளை வேலை செய்கிறதா, கவனம் சிதறாமல் இருக்கிறதா, அதற்குத் தெரிந்த உலகத்தோடு பொருந்துகிறதா, அடுத்தவரோடு பேச வைக்கிறதா. நம் வகுப்புகளில் பெரும்பாலும் அடிவாங்குவது மூன்றாவது. ஆங்கில கேம்களில் கையுறை, பனி வீடு, ரக்கூன் என்று படங்கள் வரும். தேனியில் இருக்கும் பிள்ளைக்கு ரக்கூன் எதற்கு? எழுத்தைக் கற்பதற்கு முன் அந்தப் படம் என்ன என்பதையே கற்க வேண்டியிருக்கிறது. தெரிந்த பொருள்கள் வரும் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போகலாம், கேமை முழுசாக முடிக்க வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை.

மூன்றரை வயதுப் பிள்ளைக்குத் தட்டுவது சுலபம், பிடித்து இழுத்துக் கொண்டுபோய் வைப்பது கஷ்டம், பாதியில் விரல் தூக்கிவிடும், படம் பழைய இடத்துக்கே ஓடிவிடும், பிள்ளை சோர்ந்துவிடும். எல்கேஜிக்குத் தட்டும் விளையாட்டு, யுகேஜிக்கு இழுக்கும் விளையாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நேரம் ஓடும் கடிகாரம் இருந்தால் அமைப்பில் போய் அணைத்துவிடுங்கள், பின்னணி இசையையும் சேர்த்து.

எவற்றை நம்பித் தொடங்கலாம்

கான் அகாடமி கிட்ஸ் இலவசம், விளம்பரம் கிடையாது, இரண்டு முதல் எட்டு வயது வரைக்கானது, ஆங்கிலம் பழக்க நல்லது. ஜிகாம்ப்ரிஸ் என்பது கட்டற்ற மென்பொருள், இரண்டு முதல் பத்து வயதுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னச் செயல்பாடுகள் ஒரே இடத்தில் இருக்கின்றன, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். எண்ணுவதற்கும் நிறத்துக்கும் வடிவத்துக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான், ஏனென்றால் பல செயல்பாடுகளில் மொழியே தேவையில்லை, டீச்சர் தமிழில் பேசிக்கொண்டே நடத்தலாம். டக்ஸ் பெயின்ட் 2002 முதல் இருக்கும் இலவச ஓவிய மென்பொருள், தமிழிலும் வைத்துக்கொள்ளலாம், சரி தப்பு என்று எதுவும் சொல்லாது, அதனாலேயே கூச்சப்படும் பிள்ளைகளுக்கு ஏற்றது.

ஸ்க்ராட்ச் ஜூனியர் 2014-இல் வந்தது, ஐந்து முதல் ஏழு வயதுக்கானது. படக் கட்டங்களை வரிசையாகக் கோத்தால் பூனை நடக்கும், குதிக்கும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை. யுகேஜி கடைசிப் பருவத்தில், "முதலில் இது, அடுத்து இது" என்று வரிசை சொல்லப் பழக்க அருமையாக இருக்கும். ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டால் கூகுளின் ரீட் அலாங் இருக்கிறது, பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும், தமிழும் உண்டு. 2022-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை இதை வைத்தே மாநில அளவில் வாசிப்பு மாரத்தான் நடத்தியது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத எல்கேஜி பிள்ளையிடம் அதைக் கொடுக்க வேண்டாம். கதைக்கு ஸ்டோரிவீவர் போதும், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய தளம், தமிழ்ப் படக்கதைகள் நிறைய, போர்டில் பெரிதாகப் போட்டு நீங்களே வாசிக்கலாம்.

தமிழ் எழுத்துக்கு நீங்களே செய்துகொள்வது நல்லது

ஆங்கிலத்துக்குக் கொட்டிக் கிடக்கிறது, தமிழுக்குக் கிடைப்பதில் பாதி உதவாது. அ அம்மா, ஆ ஆடு என்று படம் காட்டிப் போய்விடும். இயந்திரக் குரலில் ழகரம் லகரமாகவே ஒலிக்கும், ணகரமும் னகரமும் ஒன்றுதான். விரலால் எழுதும் விளையாட்டுகளில் எழுத்தை எங்கே தொடங்கி எப்படிச் சுழிக்க வேண்டும் என்பது பல நேரம் தப்பாக இருக்கும், பிள்ளை அப்படியே பழகிவிட்டால் பிறகு சிலேட்டில் மாற்றப் பெரும்பாடு. ஆகவே தமிழ் எழுத்து எழுதும் கேம்களை நான் பரிந்துரைப்பதில்லை. மணல் தட்டும் சிலேட்டும் போதும். திரையைக் காதுக்காகப் பயன்படுத்துங்கள், அதாவது ஒலியைக் கேட்டுப் பிரித்தறிய.

கூகுள் ஸ்லைட்ஸ் அல்லது பவர்பாயின்ட் தெரிந்தால் போதும். ஒரு ஸ்லைடில் இரண்டு படம்: புலி, புளி. மேலே ஒரு ஒலிபெருக்கிப் படம், அதைத் தொட்டால் உங்கள் குரல், "புளி" என்று நிதானமாக. போனிலேயே பதிவு செய்து சேர்த்துவிடலாம். புளியம்பழப் படத்தில் ஒரு இணைப்பு, தொட்டால் அடுத்த ஸ்லைடுக்குப் போகும், அங்கே அதே படம் பெரிதாக வரும். புலிப் படத்தில் இன்னொரு இணைப்பு, தொட்டால் வேறொரு ஸ்லைடு, அதில் புலி மட்டும் இருக்கும், உங்கள் குரல் "இது புலி" என்று சொல்லும், கீழே திரும்பிப் போக ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். பல்லி, பள்ளி. கரி, கறி. அரை, அறை என்பதைப் படமாக்குவது கஷ்டம், விட்டுவிடுங்கள். இணைப்பு இல்லாத இடத்தைத் தொட்டாலும் பவர்பாயின்ட் அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிடும், அதனால் ஸ்லைடு மாறும் அமைப்பில் 'மவுஸ் கிளிக்' என்று இருக்கும் குறியை எல்லா ஸ்லைடிலும் எடுத்துவிட மறக்காதீர்கள், இல்லையென்றால் முதல் நாளே வகுப்பு குழம்பிவிடும்.

படங்களை இணையத்தில் தேடி எடுப்பதைவிட நீங்களே எடுத்த போட்டோக்கள் நல்லது. உங்கள் பள்ளி வாசல், சமையலறைப் புளி, சுவரில் ஓடும் பல்லி. "எங்க ஸ்கூல் பல்லி!" என்று கத்துவார்கள் பாருங்கள்.

இவ்வளவு வேலைக்கு நேரம் இல்லையென்றால் லேர்னிங்ஆப்ஸ் தளத்தில் ஜோடி சேர்க்கும் விளையாட்டை இலவசமாகச் செய்யலாம், தமிழ் எழுத்து, படம், ஒலி மூன்றையும் ஏற்றுக்கொள்ளும். வேர்ட்வாலும் இதே மாதிரிதான், அதில் இலவசக் கணக்கில் ஒரு சில விளையாட்டுகள் மட்டுமே உருவாக்க முடியும்.

ஒரு வகுப்பை முழுசாகப் பார்ப்போம்

யுகேஜி, இருபத்துநாலு பிள்ளைகள், ஒரு ஸ்மார்ட் போர்டு. பாடம், பத்துக்குள் எண்ணுவது.

முதல் பத்து நிமிடம் தரையில். சாக்பீஸால் 1 முதல் 10 வரை ஒரே நேர்க்கோட்டில் கட்டம் போடுங்கள். ஒரு தாயக்கட்டை அல்லது ஒன்றும் இரண்டும் மட்டும் எழுதிய மரக்கட்டை. உருட்டி விழுந்த எண்ணுக்குப் பிள்ளை நகர வேண்டும். முக்கியமான விஷயம் என்னவென்றால், நான்காம் கட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு விழுந்தால் "ஒன்னு, ரெண்டு" என்று சொல்லி நகரக்கூடாது, கட்டத்தில் இருக்கும் எண்ணான "அஞ்சு, ஆறு" என்று சொல்லி நகர வேண்டும். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் இப்படி நேர்வரிசை எண் பலகையில் சில தடவை விளையாடியதும் எண்ணறிவு முன்னேறியது, எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட அதே மாதிரிப் பலகையில் விளையாடியவர்களுக்கு அந்த முன்னேற்றம் இல்லை. திரையில் கேம் தேடும்போதும் இதையே பாருங்கள், எண்கள் இடமிருந்து வலமாக வரிசையில் நிற்கும் விளையாட்டாக இருக்கட்டும்.

அடுத்த எட்டு நிமிடம் போர்டு. முயலுக்குக் கேட்ட அளவு கேரட் கொடுப்பது மாதிரி ஒரு எண்ணும் விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். 7 என்று வருகிறது. யாரும் போர்டைத் தொடும் முன் இருபத்துநாலு பேரும் விரலைக் காட்ட வேண்டும். ஏழு விரல். சிலர் ஐந்தோடு நிற்பார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள், நல்லதுதான், பார்க்கட்டும். பிறகு ஒரு பிள்ளை வந்து கேரட்டைத் தொட, வகுப்பே சேர்ந்து எண்ணும். முடிந்ததும் கேம் பாராட்டும் முன் அல்லது பாராட்டும்போதே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "உனக்கு எப்படித் தெரிஞ்சது?" "அஞ்சு இங்க, ரெண்டு இங்க" என்று இரண்டு கையையும் காட்டும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும், அந்த ஒரு பதிலுக்காகவே இந்த எட்டு நிமிடத்தைச் செலவழிக்கலாம்.

திரையை அணைத்தபின் மறுபடி தரை. கொட்டாங்குச்சியில் புளியங்கொட்டை. "முயலுக்கு ஏழு கொடுத்தோமே, இங்கே ஏழு எடு." இந்தக் கடைசிப் பகுதியை நேரம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள், காரணம் சொல்கிறேன். திரையில் ஒரு கேரட்டைத் தொட்டதும் அது நகர்ந்துவிடும் அல்லது மங்கிவிடும், அதை இரண்டாவது தடவை எண்ண முடியாது. ஒரு பொருளுக்கு ஒரு எண் என்கிற கணக்கை கேமே பார்த்துக்கொள்கிறது. கொட்டையில் அந்த உதவி கிடையாது. போர்டில் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை தரையில் ஒரே கொட்டையைத் தொட்டு "மூனு, நாலு" என்று இரண்டு எண் சொல்வதை அங்கேதான் பார்ப்பீர்கள். திரையில் கண்டதைக் கையில் இருக்கும் பொருளுக்கு மாற்றுவது சின்னப் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடாது, நாம்தான் பாலம் போட வேண்டும்.

போர்டும் டேப்லெட்டும்: நடைமுறைச் சங்கடங்கள்

பல பள்ளிகளில் இருப்பது சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர் ஓடும் வகைப் போர்டு. விரல் என்றில்லை, எது குறுக்கே வந்தாலும் அதைத் தொடுதல் என்று எடுத்துக்கொள்ளும். டீச்சரின் துப்பட்டா, புடவைத் தலைப்பு, பிள்ளையின் ரிப்பன், கீழ்ச் சட்டத்தில் சாய்ந்து நிற்கும் இன்னொரு பிள்ளையின் முழங்கை, எல்லாமே. "மிஸ், நான் தொடவே இல்ல" என்று பிள்ளை அழுதால் நம்புங்கள். தரையில் போர்டுக்கு முன்னால் ஓரடி தள்ளி ஒரு கோடு போட்டு, தொட வரும் ஒருவரைத் தவிர மற்றவர்கள் அதற்கு இந்தப் பக்கம் என்று பழக்கிவிட்டால் தீர்ந்தது. உயரம் எட்டவில்லை என்று ஸ்டூல் போடாதீர்கள், விழுவார்கள். முனையில் துணி சுற்றிய ஒரு குச்சி போதும், அகச்சிவப்புப் போர்டு அதையும் ஏற்கும்.

டேப்லெட் இருந்தால் இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவருக்கு ஒன்று கொடுக்கும் வசதி இருந்தாலும் இரண்டு பேருக்கு ஒன்றுதான், அப்போதுதான் பேச்சு வரும். ஒருவர் கை, ஒருவர் வாய். வாய் சொல்ல வேண்டும், கை தொட வேண்டும், வாய் சொல்லாமல் கை தொடக்கூடாது. கையாக இருப்பவர் மணிக்கட்டில் ஒரு ரப்பர் பேண்டு. மூன்று கேள்விக்கு ஒரு முறை ரப்பர் பேண்டு மாறும். முதல் வாரம் சண்டை வரும், இரண்டாவது வாரத்தில் அவர்களே கணக்கு வைத்துக்கொண்டு "மூனு ஆச்சு, குடு" என்பார்கள். நாலு பேரை ஒரு டேப்லெட்டில் உட்கார வைத்தால் இருவர் மட்டுமே விளையாடுவார்கள், மற்ற இருவரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். டேப்லெட்டைக் கையில் பிடிக்க விடாமல் தரையிலோ மேசையிலோ படுக்க வைக்கவும். உள்ளங்கை ஓரத்தில் பட்டாலும் திரை தொட்டதாக எடுத்துக்கொள்ளும், "ஒரு விரல் மட்டும், மத்ததெல்லாம் மடக்கிக்கோ" என்று தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை நடத்தும் டீச்சர்களுக்கு இது இன்னும் சுலபம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் ஏற்கனவே நிலைவாரியாகப் பிரிந்திருக்கிறார்கள். அரும்பு பிள்ளைகளோடு நீங்கள் தரையில் உட்காருங்கள், அந்த நேரத்தில் மொட்டு பிள்ளைகள் ஜோடி ஜோடியாக டேப்லெட்டில் இருக்கட்டும். தலைகீழாகச் செய்யாதீர்கள், பின்தங்கிய பிள்ளையைத் திரையிடம் விட்டுவிட்டு நன்றாகப் படிக்கும் பிள்ளையோடு நாம் உட்காருவது நியாயமே இல்லை. அந்தப் பிள்ளைக்குத்தான் மனிதக் குரல் வேண்டும்.

நிறுத்தும்போது அழுகிறார்களா? பெரும்பாலும் முடிவே இல்லாத கேம் என்பதுதான் காரணம். ஐந்து கேள்வியோடு தானாக முடியும் விளையாட்டைத் தேர்ந்தெடுங்கள், "இன்னும் ரெண்டு தடவை, அப்புறம் போர்டு தூங்கப்போகுது" என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அணைக்கும் பொறுப்பைத் தினம் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். பட்டனை அழுத்துவதற்குப் போட்டி வந்துவிடும், அழுகை போய்விடும்.

நெட், பூட்டு, விளம்பரம், பெயர்

வகுப்பில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் முப்பது பிள்ளைகளை உட்கார வைக்க யாராலும் முடியாது. இறக்கி வைத்து ஓட்டக்கூடியதை இறக்கிவிடுங்கள், காலையில் பிள்ளைகள் வரும் முன்பே திறந்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், பிறகு ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள், நெட் இல்லாமலும் ஓடினால் விளம்பரத் தொல்லையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நெட் வேலை செய்யாத நாளுக்குப் புளியங்கொட்டை இருக்கவே இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் 'ஆப் பின்னிங்' என்று தேடினால் வரும், பழைய போன்களில் 'ஸ்க்ரீன் பின்னிங்'. அதை இயக்கிவிட்டால் கேமை விட்டு வெளியே வரக் கடவுச்சொல் கேட்கும்படி வைக்கலாம். ஐபேடில் அதன் பெயர் 'கைடட் ஆக்சஸ்'. உங்கள் சொந்தப் போனைப் பிள்ளைகளிடம் கொடுப்பதாக இருந்தால் இதைச் செய்யாமல் கொடுக்கவே கூடாது, உங்கள் வங்கிக் குறுஞ்செய்திகளும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன.

செயலி பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டால் கொடுக்காதீர்கள். மாம்பழம், கொய்யா, பலா என்று பெயர் வைத்துக்கொள்ளலாம், போட்டோவும் வேண்டாம். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் குழந்தை என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது, அவர்கள் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டத்திலேயே எந்தச் செயலி, எவ்வளவு நேரம் என்று சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுவது நல்லது.

துடைக்க மென்மையான துணி, லேசாக ஈரம். சானிடைசரைத் திரை மேல் நேரடியாக அடிக்காதீர்கள். சாப்பிட்ட கையைக் கழுவாமல் யாரும் தொடக்கூடாது என்பதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம்.

எதைக் குறித்துவைப்பது, பெற்றோரிடம் என்ன சொல்வது

செயலி காட்டும் நட்சத்திரத்தை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜோடியில் யார் தொட்டார்கள், யார் சொன்னார்கள் என்று அதற்குத் தெரியாது. ஒரு நோட்டு வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள், கேட்டதை அப்படியே எழுதுங்கள்: "எட்டைத் தாண்டிப் பத்துக்குப் போகிறாள்", "புலி, புளி காதுக்குப் பிரிகிறது, வாயில் வரவில்லை", "வகுப்பில் பேசமாட்டான், ஜோடியாக இருக்கும்போது கத்திச் சொல்கிறான்." கடைசி மாதிரி பிள்ளைகள் இந்த விளையாட்டுகளில்தான் முதன்முதலாக வாய் திறப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள். வகுப்புச் சுவரில் யார் எத்தனை நட்சத்திரம் என்று பட்டியல் ஒட்டவே வேண்டாம்.

பெற்றோரில் இரண்டு வகை உண்டு. "கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறீர்களா?" என்று ஆசையாகக் கேட்பவர்கள் ஒரு பக்கம், "வீட்டில்தான் போன் என்றால் பள்ளியிலுமா?" என்று கவலைப்படுபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாமவரின் கவலை நியாயமானது, அதற்கு உங்கள் நேரக் கணக்கைக் காட்டுங்கள். முதலாமவருக்கு, வகுப்புக்கு ஒரு நாள் வந்து தரையில் நடப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் வாட்ஸ்ஆப் குழுவில் கேம் இணைப்பை மட்டும் போடாதீர்கள். "டீச்சர் அனுப்பினாங்க" என்ற ஒரே காரணத்துக்காக அன்று ராத்திரி பத்து மணி வரை பிள்ளை கையில் போன் இருக்கும். அதற்குப் பதிலாக இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்: "இன்று வகுப்பில் பத்து வரை எண்ணி விளையாடினோம். ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும்போது வீட்டில் எத்தனை பேர், எத்தனை தட்டு வேண்டும் என்று பிள்ளையையே எண்ணி எடுக்கச் சொல்லுங்கள். தப்பாக எடுத்தால் உடனே திருத்த வேண்டாம், எல்லாரும் உட்கார்ந்த பிறகு யாருக்குத் தட்டு இல்லை என்று கேளுங்கள்."